ஆளுநர் திறக்காத மண்டபம்

காலை எட்டு மணி பத்து நிமிடம். அறைக் கதவைத் திறந்ததும் நான் முதலில் கண்டது, மிஸ்டர் லோரிமரின் மேசையில் வெட்டப்படாமல் கிடந்த அன்றைய பத்திரிகையை.

மற்ற நாட்களில் அந்த நேரத்துக்குள் அதன் உட்பக்கம் ஒன்றில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை விழுந்திருக்கும். வெட்டிய துண்டு பெரிய பச்சைப் புத்தகத்தில் ஒட்டப்பட்டு, பசை காய்வதற்காகப் புத்தகம் திறந்தபடி கிடக்கும். அன்று புத்தகம் மூடியிருந்தது. கத்தரிக்கோலும் மூடியபடி பத்திரிகைக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“மிஸ்டர் பரம், நேற்றுப் பின்னேரம் ஆளுநர் எங்கே இருந்தார்?”

“ட்ருகனினாவில், சேர். மாதர் சங்க மண்டபத் திறப்பு விழா.”

“யார் சொன்னது?”

நான் பத்திரிகையைப் பார்த்தேன்.

“அங்கே பார்க்க வேண்டாம். பத்திரிகைக்குச் சொன்னவர் நீங்கள். உங்களுக்கு யார் சொன்னது?”

யன்னலுக்கு வெளியே புல்வெளியில் தண்ணீர் தெளிக்கும் குழாய் டிக் டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அது ஒரு முழுச்சுற்றுச் சுற்றி வந்தது. 

ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய எனக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கமலாவும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடுவதற்குக் குடிவரவுத் திணைக்களம் கேட்டது ஒரே ஒரு கடிதம்: எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதம். கையெழுத்திட வேண்டியவர் எனக்கு எதிரே கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப் பட்டியின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கதவு

கொழும்பில் பத்திரிகை வேலையை விட்டு மெல்பேர்ணுக்கு வந்த கதையை முன்பே வேறோர் இடத்தில் எழுதிவிட்டேன். இங்கே எந்தப் பத்திரிகையும் என்னை எடுக்கவில்லை. வேகமாகத் தட்டச்சு செய்வான், சுருக்கெழுத்துத் தெரியும், ஆங்கிலத்தில் பிழை விடமாட்டான் என்ற மூன்று தகுதிகளோடு மாநில ஆளுநரின் அலுவலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. ஊரில் நாங்கள் தேசாதிபதி என்று எழுதிப் பழகிய பதவி அது. இங்கே அந்தப் பதவிக்கு உண்மையிலேயே ஒரு மாளிகையும், ஒரு கோபுரமும், கோபுரத்தில் ஒரு கொடியும் இருந்தன.

ஆளுநரின் அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று விருந்தினருக்கு, தூதுவர்களும் ஆயர்களும் அதன் வழியாக வருவார்கள். மற்றது லோரிமரின் அறைக்குள் திறக்கும். மாநிலத்தின் வேலை எல்லாம் வந்தது இரண்டாவது கதவால்தான். அமைச்சரவை அனுப்பும் சட்டங்கள், நியமனங்கள், பாடசாலைப் பரிசளிப்புக்கு அழைப்புகள், தன் வீட்டு வாய்க்காலைப் பற்றி மாதம் ஒரு கடிதம் எழுதும் கிழவி. எல்லாம் முதலில் லோரிமரின் மேசையில் இறங்கும். அவர் வாசித்து, ஓரத்தில் பென்சிலால் இரண்டு சொல் எழுதி, நீலக் கோவையில் வைத்து உள்ளே கொண்டுபோவார். கிழவியின் கடிதமும் நீலக் கோவையில்தான் போகும்.

அவருடைய பதவிப் பெயர் செயலாளர். அலுவலகத்தின் தலைவர் அவர். சமையற்காரரிலிருந்து மெய்க்காப்பாளர் வரை எல்லோருடைய நாளையும் அவர்தான் நிரப்பினார். காணித் திணைக்களத்தில் பதினைந்து வயதில் கடைநிலை எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். யுத்த காலத்தில் கடற்படையில் சமிக்ஞை வேலை. திரும்பி வந்து ஆளுநர் மாளிகையில் மூன்றாவது மேசை, இரண்டாவது மேசை, பிறகு இந்த மேசை. நான் சேர்ந்தபோது அவர் மூன்றாவது ஆளுநருக்கு வேலை செய்துகொண்டிருந்தார். ஆளுநர்கள் வந்து போனார்கள். புதியவர் வரும்போது எந்த யன்னல் மழைக்கு ஒழுகும், எந்த அமைச்சர் பக்கத்தில் எந்த அமைச்சரை இருத்தக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க இவர் இருந்தார்.

புகைப்படக்காரர் கருவியைத் தூக்கினால் லோரிமர் ஓரடி இடது பக்கம் நகர்ந்துவிடுவார். அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகியிருந்தது. பச்சைப் புத்தகங்களை நான் பின்னாளில் முழுதாகப் புரட்டியிருக்கிறேன். இருபது வருடப் படங்களில் அவர் அங்கங்கே ஒரு முழங்கையாக, ஒரு தொப்பியின் விளிம்பாக நிற்கிறார். எந்தப் படத்தின் கீழும் அவர் பெயர் கிடையாது.

பத்தி

நாள்தோறும் பத்திரிகையில் ஆளுநரைப் பற்றிய ஒரு சிறு பத்தி வரும். நேற்று யாரைச் சந்தித்தார், எங்கே போனார், எதைத் திறந்தார். நாலு வரி, ஐந்து வரி. அதை எழுதித் தொலைபேசியில் பத்திரிகை அலுவலகங்களுக்கு வாசிப்பது என் வேலை. லோரிமர் பார்த்துத் தன் முதலெழுத்துகளை இட்டபின்தான் வாசிக்கலாம். அவர் இல்லாத நாட்களில் நானே வாசிக்க அனுமதி இருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை.

சேர்ந்த முதல் கிழமையிலேயே என்னை வெளியே கூட்டிப்போய், அப்போதுதான் வந்து நின்ற ஆளுநரின் கறுப்புக் காருக்கு முன்னால் நிறுத்தினார்.

“தொட்டுப் பாருங்கள்.”

இயந்திர மூடியில் கை வைத்தேன். சுட்டது.

“இது சுட்டால் ஆளுநர் போய் வந்திருக்கிறார். பிறகு சாரதியைக் கேளுங்கள். பிறகு எழுதுங்கள். கார் திரும்பும் வரை எதுவும் நடக்கவில்லை.”

சாரதி மிக் கதவில் சாய்ந்து நின்று எனக்குக் கண்ணடித்தான். மிக் பேசிய ஆங்கிலத்துக்கு எங்கள் பேச்சுத் தமிழ்தான் கிட்ட வரும், அப்படியே எழுதுகிறேன். “பயப்பிடாத மேட். எனக்கும் முதல் நாள் உதுதான். கையில கொப்புளம் வந்தது.”

கொழும்பில் படிந்த பழக்கம்

நான் வந்த இடத்தில் விழாச் செய்தி விழாவுக்கு முன்பே எழுதப்படும். அழைப்பிதழை மேசையில் வைத்துக்கொண்டு “திறந்துவைத்தார், பாராட்டினார், நன்றி கூறினார்” என்று இறந்தகாலத்தில் தட்டிக் காலையிலேயே அச்சுக்கோப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போவோம். மாலைப் பதிப்புக்கு வேறு வழியில்லை.

ஒருமுறை ஓர் அமைச்சர் ஒரு பாலத்தைத் திறந்த செய்தியை நான் இப்படி எழுதினேன். அன்று அமைச்சருக்குக் காய்ச்சல். பாலத்தை யாரும் திறக்கவில்லை. சனம் தன் பாட்டுக்கு நடந்து போனது. செய்தி வந்தது. அடுத்த நாள் அமைச்சரின் ஆள் தொலைபேசியில் வந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: “ஏன் படம் போடேல்லை?”

ஐந்தரை மணி அழைப்பு

அந்த வியாழக்கிழமை வடக்கிலிருந்து வெப்பக்காற்று அடித்தது. மெல்பேர்ணில் இருந்தவர்களுக்கு அந்தக் காற்றைத் தெரியும். கதவைத் திறந்தால் ரொட்டி சுடும் போறணையைத் திறந்தது போல இருக்கும். மேற்கே இருந்த ட்ருகனினா அப்போது காய்ந்த புல்லும் கல்வேலிகளும் மட்டுமான வெளி. அங்கே ஒரு மாதர் சங்கம் சொந்தமாக மண்டபம் கட்டியிருந்தது. மூன்றரை மணிக்குத் திறப்பு விழா. ஆளுநரும் மெய்க்காப்பாளரும் இரண்டரைக்குப் புறப்பட்டார்கள். லோரிமருக்கு நகரில் கூட்டம். போகுமுன் என் மேசைக்கருகில் நின்று, “கார் வந்ததும் வாசித்துவிடுங்கள்” என்றார்.

எனக்கு ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி. நாலு நாட்களுக்கு முன் பதிவு செய்தது. கமலா அங்கே நண்பகல் வெயிலில், தொலைபேசி இருந்த ஒரு சட்டத்தரணி வீட்டில் போய்க் காத்திருப்பாள். தவறவிட்டால் இன்னும் ஒரு கிழமை. நான் நாலே முக்கால் ட்ராமைப் பிடிக்க வேண்டும்.

நாலரை ஆயிற்று. கார் வரவில்லை. பத்தி மத்தியானமே தட்டச்சாகித் தயாராக இருந்தது. “நேற்றுப் பிற்பகல் மேதகு ஆளுநர் ட்ருகனினாவில் மாதர் சங்க மண்டபத்தைத் திறந்துவைத்தார்.” ஒரு மண்டபத்தைத் திறக்க எவ்வளவு நேரம் வேண்டும்? தொலைபேசியை எடுத்து வாசித்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“கேக்குதோ?”

“ஓம், கேக்குது. சாப்பிட்டனீங்களே?”

“அதை விடு. பிள்ளை எப்பிடி?”

“இஞ்சதான் நிக்கிறாள். உங்கட படத்தைக் காட்டினா மாமா எண்டு சொல்லுறாள்.”

“மாமாவோ?”

“நான் அடிச்சனான். பிறகும் மாமா எண்டுதான் சொல்லுறாள். அந்தக் கடிதம் எப்ப வருமாம்?”

“இன்னும் ரெண்டு கிழமை.”

“போன மாசமும் ரெண்டு கிழமை எண்டுதானே சொன்னனீங்க?”

மூன்று நிமிடம் முடிந்தது.

மேற்குச் சாலை

இனி அந்த வெள்ளிக்கிழமைக் காலைக்கு வருகிறேன்.

“மேற்குச் சாலையில் புல்லுத் தீ,” என்றார் லோரிமர். “பொலிஸ்காரர் மறித்த இடத்தில் கார் ஒரு மணித்தியாலம் நின்றது. தீ சாலையைக் கடந்தது. கார் திரும்பியது. மண்டபத்துக்குச் சொல்லி அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு ஆளுநர் எனக்கு இதைச் சொன்னார். ஏழரைக்கு நான் இதை வாசித்தேன்.”

விரலால் பத்தியைத் தொட்டார்.

“சேர், எனக்கு ஐந்தரைக்கு—”

தொலைபேசி மணி அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார், உடனே காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். மறுமுனையில், மிக்கின் ஆங்கிலம் போன்ற ஆங்கிலத்தில், ஒரு பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. அவர் பெயர் மிஸிஸ் ஹனன், மாதர் சங்கத் தலைவி. நாற்பது பேர் ஐந்தரை வரை காத்திருந்தார்களாம். கேக்குகளின் கிரீம் உருகி மேசை விரிப்பில் ஓடியதாம். காலையில் பத்திரிகையைப் பார்த்தால் ஆளுநர் வந்து போய்விட்டாராம். “எந்தக் கதவால வந்தவர் எண்டு மட்டும் சொல்லுங்கோ, நாங்கள் எல்லாரும் முன் கதவையல்லோ பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்?”

லோரிமர் அவர் முடிக்கும் வரை கேட்டார். பிறகு, “பதினொரு மணிக்கு நான் அங்கே வரலாமா, மாடம்?” என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “தொப்பியை எடுத்து வாருங்கள். வெயில்.”

மிக் காரை ஓட்டினான். நான் அவனுக்குப் பக்கத்தில். லோரிமர் பின்னால் மடியில் நீலக் கோவையோடு. மேற்குச் சாலையின் இரண்டு பக்கமும் நிலம் கறுத்துக் கிடந்தது. வேலிக் கட்டைகளிலிருந்து இன்னும் புகை வந்தது. கருகிய புல்லின் வாசம் காருக்குள் இறங்கி, ஆசனத் தோலில் ஒட்டிக்கொண்டது.

மிக் முன்னால் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான். “இந்தா, இந்த இடத்திலதான் நிண்டனாங்கள். நான் ரெண்டு சான்ட்விச் சாப்பிட்டன். உன்ர பேப்பரில அதையும் போட்டிருக்கலாமே?”

“மிக்,” என்றார் லோரிமர் பின்னாலிருந்து.

“மன்னிக்கவும் சேர். ஒரு சான்ட்விச்தான்.”

பித்தளைத் தகடு

மண்டபம் தகரக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட ஒரே அறை. புதுப் பூச்சு மணத்தது. ஐந்தாறு பெண்கள் முந்தைய நாளின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மிஸிஸ் ஹனன் உயரமான பெண். ஐம்பது வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இண்டைக்கு ஆர் வந்திருக்கினம்? உண்மையான ஆக்களோ, பேப்பரில வந்த ஆக்களோ?”

“உண்மையான ஆட்கள், மாடம்,” என்றார் லோரிமர். தொப்பியைக் கழற்றினார். “நான் ஆளுநரின் செயலாளர். இவர் மிஸ்டர் பரம், என் அலுவலகத்தில் அந்தப் பத்தியை எழுதுகிறவர். நேற்று உங்களைக் காக்கவைத்ததற்கு நெருப்புக் காரணம். இன்று காலை உங்களை அவமதித்ததற்கு நெருப்புக் காரணமல்ல. அதற்கு மன்னிப்புக் கேட்க வந்தேன்.”

சொல்லிவிட்டு அவர் குனிந்த தலையோடு நின்றார். சண்டைக்கு ஆயத்தமாக வந்த மிஸிஸ் ஹனனுக்கு அது வசதியாக இல்லை. “சரி சரி, இருங்கோ,” என்று ஒரு கதிரையைத் தள்ளினார். தேநீர் வந்தது. தேங்காய்த் துருவலில் புரட்டிய சொக்லட் கேக் துண்டுகள் வந்தன, லாமிங்டன் என்பார்கள். முந்தைய நாளில் தப்பியது அது ஒன்றுதானாம். நான் ஒன்றை எடுத்தேன். கையிலேயே வைத்திருந்தேன்.

சுவரில், கதவுக்கு அருகே, ஒரு சிறிய நீலத் திரை தொங்கியது. அதிலிருந்து ஒரு பொன்னிறக் கயிறு. லோரிமர் எழுந்து போய் அதைப் பார்த்தார்.

“இதைத்தான் அவர் இழுத்திருப்பாரா?”

“ஓம்,” என்றார் மிஸிஸ் ஹனன். பிறகு அவசரமாக, “அதை விடுங்கோ,” என்றார்.

லோரிமர் ஏற்கெனவே கயிற்றைத் தொட்டுவிட்டார். திரை விலகியது. பித்தளைத் தகடு. நான் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தேன். மேதகு ஆளுநரால் இந்த மண்டபம் திறந்துவைக்கப்பட்டது என்று வெட்டியிருந்தது. கீழே முந்தைய நாளின் திகதி.

தொட்டியருகே நின்ற ஓர் இளம்பெண் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூண்டு கிழமைக்கு முன்னமே வெட்டக் குடுத்தது,” என்றார் மிஸிஸ் ஹனன். கழுத்து வரை சிவந்துவிட்டார். “பிந்திக் குடுத்தா விழாவுக்கு வராது எண்டாங்கள்.”

லோரிமர் தகட்டைப் பார்த்துக்கொண்டே, “மிஸ்டர் பரமும் அதைத்தான் சொல்வார்,” என்றார்.

முதலில் சிரித்தது அந்த இளம்பெண். பிறகு எல்லோரும். மிஸிஸ் ஹனன் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் அந்தக் காலையில் முதல் தடவையாக மூச்சு விட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் மிஸிஸ் ஹனன் லோரிமருக்குக் கிட்ட வந்து, விலை பேசுவது போலக் குரலைத் தாழ்த்தினார்.

“இஞ்ச பாருங்கோ. பேப்பர் அவர் வந்தவர் எண்டுது. பித்தளையும் அவர் வந்தவர் எண்டுது. என்ர அம்மா காலமையே அந்தத் துண்டை வெட்டி வச்சிட்டா. அவரை அடுத்த கிழமை சத்தமில்லாமத் தேத்தண்ணி குடிக்க அனுப்புங்கோ. நாங்கள் ஒருதரும் வாய் திறக்கமாட்டம். இந்தப் பெடியனும் தப்பிடுவார்.”

அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் முகத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

நான் லோரிமரைப் பார்த்தேன். ஒரு தலையாட்டல் போதும். நாற்பது பெண்கள், ஒரு பித்தளைத் தகடு, ஒரு பத்திரிகை எல்லாம் என் பக்கம் நின்றன. இரண்டு கிழமையில் கடிதம் வரும்.

“ஆளுநர் வருவார், மாடம்,” என்றார் லோரிமர். “வரும் வியாழன் மூன்றரைக்கு. சத்தமில்லாமல் அல்ல, கொடி போட்ட காரில் வருவார். பத்தி நாளை திருத்தப்படும்.”

“ஏன் வீண் வேலை?”

“நேற்றுச் சாலையில் நின்ற பொலிஸ்காரரும் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பார். கார் வந்தது, திரும்பியது என்று. அவர் எழுதியதும் நான் எழுதியதும் ஒரே நாளைப் பற்றியது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.”

“தகடு?”

“தகடு உங்களுடையது,” என்று சொல்லித் திரையை மறுபடி இழுத்து மூடினார்.

மூன்று வாக்கியம்

திரும்பும் வழியில் மிக் என் பக்கம் திரும்பவேயில்லை. என் வேலை போய்விட்டது என்று அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அலுவலகத்தில் திருத்தத்தை எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: “ட்ருகனினா மாதர் சங்க மண்டபம் திறந்துவைக்கப்பட்டதாக நேற்று வெளியான தகவல் தவறானது. ஆளுநர் அலுவலகம் வருந்துகிறது.” பத்திரிகைக்காரனின் திருத்தம். யார் செய்தது என்று அதில் இராது.

அவர் இரண்டாவது வாக்கியத்தை அடித்தார்.

“அலுவலகம் என்பது ஒரு கட்டடம். அது வருந்தாது.”

“அப்படியென்றால் என் பெயரைப் போடுகிறேன், சேர். பிழை என்னுடையது.”

“உங்களுடையதுதான்,” என்றார். அதை மெதுவாக்கிச் சொல்லவில்லை. “ஆனால் நேற்று நான் என் பொறுப்பை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருந்தால் வைத்திருக்கமாட்டேன். இன்னொன்று. உங்கள் பெயரை நாளைக்கு அச்சில் பார்க்கிறவர்கள் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். கார் திரும்புமுன் வாசித்ததுதான் பிழை என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். வேறு நாட்டுப் பெயர்தான் காரணம் என்று நினைப்பார்கள். அது இன்னொரு தவறான தகவல். ஒரே கிழமையில் இரண்டு வேண்டாம்.”

பேனாவைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வியாழக்கிழமை தீயினால் ஆளுநர் ட்ருகனினாவைச் சென்றடையவில்லை என்பது முதல் வாக்கியம். மண்டபத்தை அவர் திறந்துவைத்தார் என்ற தகவல் உண்மையல்ல என்பது இரண்டாவது. மூன்றாவதை எழுத அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. “பிழை ஆளுநரின் செயலாளர் திரு. எட்வின் லோரிமருடையது, சங்கத்தின் பெண்களிடம் அவர் மன்னிப்புக் கோருகிறார்.”

தாளை என்னிடம் நீட்டினார். “நீங்களே வாசியுங்கள். முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். அவர்களுக்கு என் பெயர் தெரியாது.”

வாசித்தேன். மறுமுனையில் செய்தி எடுத்தவர், “இதைத்தான் போடச் சொல்கிறாரா, நிச்சயமா?” என்று கேட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக் குசினியில் சிவா அண்ணை இறைச்சிக் கறி கிளறிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒரு வீட்டைப் பகிர்ந்திருந்தோம். அவர் ஊரில் கணித ஆசிரியர். இங்கே ட்ராமில் நடத்துனர்.

“என்ன, துரை கலைச்சுப் போட்டாரோ?”

“இல்லை அண்ணை. தன்ர பேரைப் போட்டிட்டார்.”

“எதில?”

“பேப்பரில. பிழை தன்னுடையதாம்.”

கரண்டி நின்றது. “நீ விட்டிட்டியோ?”

“என்ர பேரைப் போடுறன் எண்டு சொல்லிப் பாத்தனான்.”

“எத்தினை தரம்?”

“ஒருக்கா.”

அவர் மறுபடி கிளறத் தொடங்கினார். “ஒருக்கா,” என்றார்.

கடிதம்

அடுத்த வியாழன் ஆளுநர் ட்ருகனினாவுக்குப் போனார். நானும் போனேன், லோரிமர் அனுப்பினார். ஆளுநர் கயிற்றை இழுத்தார், தகட்டை வாசித்தார், திகதியில் ஒரு கணம் நின்றார், கைதட்டினார். திரும்பி வந்ததும் மிக் காரைவிட்டு இறங்காமல் எனக்காகக் காத்திருந்தான். “வா மேட், தொடு.” அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த அத்தனை வருடமும் அந்தக் காரைத் தொடாமல் ஒரு வரி வாசித்ததில்லை.

என் தகுதிகாண் காலம் முடிந்த நாளில் மேசையில் ஓர் உறை இருந்தது. குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. திரு. பரமேஸ்வரன் இந்த அலுவலகத்தில் நிரந்தரப் பணியாளர் என்று இருந்தது. என்னைப் புகழ்ந்து ஒரு சொல்லும் இல்லை. நான் நன்றி சொல்லப் போனேன். அவர் நிமிராமல், “வாய்க்கால் கடிதத்துக்குப் பதில் போய்விட்டதா?” என்று கேட்டார்.

கமலாவும் மகளும் குளிர்காலத்தில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் மகள் என்னைப் பார்த்து, “மாமா,” என்றாள்.

லோரிமர் இன்னும் சில வருடம் இருந்து ஓய்வு பெற்றார். கடைசி நாளின் பத்தியில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தேன். அவர் அதை அடித்துவிட்டுத் தன் முதலெழுத்துகளை இட்டார். ட்ருகனினா மண்டபம் இப்போது இல்லை. அந்த இடமெல்லாம் பண்டகசாலைகள். தகடு என்னவாயிற்று என்று விசாரித்தேன். தெரியவில்லை.

லோரிமர் இறந்தபோது நான் மாளிகை வேலையை விட்டு, அவர் வெட்டி ஒட்டிய அதே பத்திரிகையில் செய்தி திருத்தும் மேசையில் இருந்தேன். ஆளுநர் மாளிகையில் வேலை செய்தவன் என்பதால் இரங்கல் குறிப்பை என்னிடம் எழுதச் சொன்னார்கள். கீழே நூலகத்துக்குப் போனேன். பெயர் வாரியாகப் பத்திரிகைத் துண்டுகளை உறைகளில் இட்டு அடுக்கி வைத்திருக்கும் அறை அது. லோரிமர், எட்வின் என்ற உறையை நூலகர் எடுத்துத் தந்தார்.

உள்ளே ஒரே ஒரு துண்டு இருந்தது. மூன்று வாக்கியம், அந்த வெள்ளிக்கிழமை அவர் எழுதி, சனிக்கிழமை அச்சானது.